கணிதப் புலவர் இராமாநுஜன்

திருவண்ணாமலைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணையாற்றங்கரையிலே திருக்கோவலூர் என்னும் பழம்பதி உளது. உலகத்தை அடியால் அளந்த பெருமாள் கோயில் கொண்டதும், முதலாழ்வார் மூவரும் ஓரிரவில் இடைகழியில் ஒருங்கு கூடியதாகச் சொல்லப்படுவதும் அவ்வூரே என்பதைத் தமிழ் கற்போர் அறிவர். 1910ஆம் ஆண்டில் அங்கே மற்றொரு சந்திப்பும் நிகழ்ந்தது. நமக்கு இத்துணை அணித்தே நிகழ்ந்தும் அதனை நம்மிற் பலர் அறியார். ஆதலின் ஸ்ரீநிவாஸ இராமாநுஜனின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பேன்.

இராமாநுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தாயார் கோமளத்தம்மாளின் பிறந்தகமாகிய ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் அங்கே ஜவுளிக்கடையொன்றில் கணக்கர். பள்ளியிற் பயிலும்போதே இரண்டின் வர்க்கமூலத்தையும், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பையையும் தசாம்சத்தில் வேண்டுமளவு இடங்களுக்குச் சொல்லித் தோழரை மகிழ்விப்பாராம். பதினாறாம் பிராயத்தில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று கைக்குக் கிடைத்தது. அந்நூலில் சூத்திரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நிறுவும் முறையோ மிகச் சுருக்கம். அவற்றைத் தாமே நிறுவப் புகுந்தவர் பின் வேறெதையும் கருதினாரல்லர். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் பெற்ற உபகாரச் சம்பளம், ஆங்கிலத்தில் தவறியமையாற் பறிபோயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து எழுதிய பரீட்சையிலும் தோல்வியே கிட்டியது. பட்டமில்லை, பொருளில்லை, 1909இல் மணமும் முடிந்தது. இல்லறத்தான் என்னும் பொறுப்பு வந்தபின் அவர் வேலை தேடிப் புறப்பட்டார்.

அக்காலத்தில் திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராய் இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தோற்றுவித்தவர் அவரே. இராமாநுஜன் அவர்முன் சென்று ஓர் எழுத்தர் வேலையை வேண்டி, தம் குறிப்பேடுகளைக் காட்டினார். ஏடுகளைப் புரட்டிய ஐயர், இத்தகையவரை வரிவசூல் அலுவலகத்தின் கடைநிலையில் அமர்த்துவது அவர்தம் ஆற்றலைப் புதைப்பதாகும் என்று கருதி வேலை தர மறுத்தார்! பசித்தவனுக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. சென்னையிலுள்ள கணித அறிஞர்க்குக் கடிதங்கள் கொடுத்துவிட்டார். அவற்றின் வழியே நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவின் ஆதரவு கிட்டியது. அன்று அவ்வேலை கிடைத்திருப்பின் அக்குறிப்பேடுகள் தாலுகாக் கச்சேரிப் பரணில் கறையானுக்கு இரையாகியிருத்தலும் கூடும்.

அவர் எண்களை நோக்கிய விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். இலக்கிய மாணாக்கரும் அஞ்ச வேண்டுவதில்லை. 0.375 போல முடிவுறும் தசாம்சத்தைப் பின்னமாக்குதல் எளிது: 375/1000 என்பதைச் சுருக்க 3/8 ஆகும். சில இலக்கங்களே மீண்டும் மீண்டும் வந்து முடிவு காணாத தசாம்சமும் ஒரு பின்னமே. 97.4090909... என்னும் எண்ணைக் கொள்க. அதனை ஆயிரத்தாற் பெருக்க 97409.0909... ஆம், பத்தாற் பெருக்க 974.0909... ஆம். முன்னதினின்று பின்னதைக் கழித்தால், முடிவற்ற வால்கள் இரண்டும் அற்றுப்போக, 96435 எஞ்சும். இஃது அவ்வெண்ணின் 990 மடங்கு. எனவே அவ்வெண் 96435/990. நாற்பத்தைந்தாற் சுருக்க 2143/22.

பை என்பதோ முடிவதுமில்லை, மீள்வதுமில்லை; எப்பின்னத்துக்கும் அடங்காது. ஆனால் அதனை நான்கிடத்து வைத்துப் பெருக்கினால் 97.409091034... என வரும். தொடக்கத்தை நோக்குமின்! நான்குக்குப் பின் 09, 09 என இருமுறை வந்து, அதன்பின் தடம் மாறுகின்றது. தடம் மாறாததுபோற் கொண்டால் கிடைப்பது நாம் மேலே கண்ட பின்னமே. 1914இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இராமாநுஜன் இதனை ஒன்பதின் வர்க்கத்தோடு, பத்தொன்பதின் வர்க்கத்தை இருபத்திரண்டால் வகுத்து வருவதைக் கூட்டிய எண்ணாகக் குறித்து, அதன் நான்காம் மூலம் பைக்கு மிக அணியது என்றும், கோட்பாட்டாலன்றிச் சோதனையாற் பெற்றது என்றும் எழுதினார். எட்டுத் தசாம்ச இடங்கள் வரை அது பிழைபடாது.

நம் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதனைச் செவ்வட்டமென்றே வைத்துக்கொண்டு, விட்டத்தினின்று சுற்றளவைக் கணிப்போமாயின், பள்ளியில் வழங்கும் 22/7 ஐந்தரை மீட்டருக்கு மேல் மிகுதி காட்டும். 1913இல் அவர் வரைகணித முறையால் அமைத்துக் காட்டிய 355/113 ஒரு மில்லிமீட்டரைச் சிறிதே தாண்டும். மேற்கூறிய எண்ணிலோ பிழை ஒரு தலைமயிரின் பருமனில் பத்திலொரு பங்கும் இராது.

இதனை அவர்தம் பெருஞ்செயல்களுள் வைத்து எண்ணுதல் தகாது, இது விளையாட்டே. அதே கட்டுரையில் அவர் தந்த தொடரொன்றைக் கொண்டு 1985இல் காஸ்பர் என்பவர் கணிப்பொறியால் பையை ஒரு கோடியே எழுபது லட்சம் இடங்களுக்கு மேல் கணித்தார்.

எஞ்சிய வரலாறு பலரும் அறிந்ததே. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். அங்குப் போர்க்கால உணவுத் தட்டும் குளிரும் மரக்கறி விரதமும் சேர்ந்து உடலை அரித்தன. 1918இல் ராயல் சங்கமும் டிரினிட்டிக் கல்லூரியும் அவரைத் தம் உறுப்பினராக்கிக்கொண்டபோது அவர் நோயாளி. 1919இல் தாயகம் மீண்டார். படுக்கையிற் கிடந்தும் புதிய சார்புகளைக் கண்டு ஹார்டிக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். இறுதிக் காலத்துத் தாள்கள் 1976இல் டிரினிட்டி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அத்தாள்களை அவர் எழுத அருகிருந்து பணிவிடை செய்த மனைவியார் ஜானகி அம்மாள், தையல் தொழிலாற் பொருளீட்டித் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து, 1994இல் மறைந்தார்.