சொடக்கு போட்டா டிரெஸ் மாறும் ரீல்ஸ்... 1896-லேயே அந்த ட்ரிக்கை செஞ்சு காட்டிய மேஜிக் கலைஞர்! யார் இந்த ஜார்ஜ் மெலியஸ்?

ரீல்ஸில் ஒருத்தர் சொடக்கு போடுவார். அடுத்த நொடி டிரெஸ் மாறியிருக்கும். எப்படி எடுக்குறாங்கன்னு இப்போ சின்னப் பசங்களுக்கே தெரியும். கேமராவை நிறுத்தி, டிரெஸ் மாத்தி, அதே இடத்துல நின்னு மறுபடி ஆன் பண்ணணும். இந்த வித்தையை சினிமாவின் அடிப்படைக் கருவியா மாத்தினவர் பிரான்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் மெலியஸ். ஆனா, தான் எடுத்த படங்களின் நெகட்டிவ்களை அவரே தீ வைத்து எரித்தார். ஏன்?

ஷூ கம்பெனி வாரிசு

1861-ல் பாரிஸில் பிறந்தவர் மெலியஸ். அப்பாவுக்கு ஷூ தயாரிப்புத் தொழில். மகனுக்கோ மேஜிக் மீது காதல். குடும்பத் தொழிலில் தன் பங்கை சகோதரர்களிடம் விற்றுவிட்டு, 1888-ல் ராபர்ட் ஹூடின் மேஜிக் அரங்கத்தை வாங்கினார்.

1895 டிசம்பர் 28-ல் லூமியர் சகோதரர்கள் பாரிஸில் திரையிட்ட படங்களைப் பார்த்தவர் அசந்துபோனார். கேமராவை விலைக்குக் கேட்டார். கிடைக்கவில்லை. லண்டனில் இருந்து ஒரு புரொஜெக்டரை வாங்கி, அதன் அமைப்பைப் பார்த்து, தனக்கென ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டார்.

கட், டபுள் எக்ஸ்போஷர், டிசால்வ்

தெருவில் படம் எடுக்கும்போது கேமரா சிக்கி நின்று, மறுபடி ஓடியபோது பேருந்து இருந்த இடத்தில் சவ வண்டி தெரிந்ததாக பின்னாளில் அவர் சொன்னதுண்டு. அமெரிக்காவில் எடிசன் நிறுவனம் 1895-லேயே இந்த உத்தியைப் பயன்படுத்தியிருந்தது. ஆனா அதை ஒரு கலையா வளர்த்தவர் மெலியஸ்தான். 1896-ல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஷான் தால்சி என்ற நடிகையைத் திரையில் மறைய வைத்தார். கேமராவை நிறுத்தினா மட்டும் போதாது. ஃபிலிமை சரியான இடத்தில் வெட்டி ஒட்டினால்தான் அசைவு பிசிறில்லாமல் சேரும். எடிட்டிங்கின் அரிச்சுவடி இது.

அடுத்தது டபுள் எக்ஸ்போஷர். கறுப்புப் பின்னணியில் நடித்துவிட்டு, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அதே ஃபிலிமில் மறுபடி நடிப்பார். 1900-ல் வந்த ஒரு படத்தில் இப்படி ஏழு மெலியஸ்கள் ஒரே ஃபிரேமில் வாத்தியம் வாசிப்பார்கள்! நம்ம ஊர் டபுள் ஆக்ஷன் படங்களுக்கும் மூலம் இதே உத்திதான்.

வெளிச்சத்துக்காக பாரிஸ் அருகே மாண்ட்ரேயில் 1897-ல் கண்ணாடிக் கூரை ஸ்டூடியோ கட்டினார். அங்கே 1902-ல் எடுத்ததுதான் நிலவுக்குப் போகும் கதையான 'எ ட்ரிப் டு தி மூன்'. ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சி தோன்றும் டிசால்வ், அதில் காட்சிகளை இணைக்கும் பாலமானது.

எங்கே சறுக்கினார்?

அந்தப் படம் அமெரிக்காவில் திருட்டு பிரிண்டுகளாக ஓடியது. அந்த லாபம் அவருக்கு வந்து சேரவில்லை. பெரிய நிறுவனங்களோடு போட்டி போடவும் முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அவரது கேமரா கிட்டத்தட்ட எப்போதும் நாடக அரங்கின் நடு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் கேமராவை நகர்த்தி, முகத்துக்கு அருகே கொண்டுபோய், ஷாட்களை அடுக்கிக் கதை சொல்லத் தொடங்கினார்கள். மெலியஸுக்கு கட் என்பது மறைக்க வேண்டிய ரகசியம். அவர்களுக்கோ அதுவே கதை சொல்லும் மொழி. ரசிகர்கள் அவர்கள் பக்கம் போனார்கள்.

எரிந்த படங்கள்

1912-க்குப் பிறகு அவர் படம் எடுக்கவில்லை. முதல் உலகப் போரின்போது அவரது பிரிண்டுகள் பலவற்றை ராணுவம் எடுத்துக்கொண்டு உருக்கியது. அந்த செல்லுலாய்டு எதுக்குப் பயன்பட்டது தெரியுமா? ஷூவின் ஹீல்ஸ் செய்ய! 1923-ல் மாண்ட்ரே சொத்தும் கைவிட்டுப் போனது. வைக்க இடமில்லாமல், விரக்தியில் நெகட்டிவ்களை எரித்தார். 500-க்கும் மேற்பட்ட படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 200.

பிறகு மாண்ட்பர்னாஸ் ரயில் நிலையத்தில் ஒரு சின்ன பொம்மைக் கடை. கூடவே உட்கார்ந்திருந்த மனைவி, அன்று அவர் திரையில் மறைய வைத்த அதே ஷான் தால்சி.

1920-களின் இறுதியில் பத்திரிகையாளர்கள் அவரை அடையாளம் கண்டார்கள். 1929-ல் பாரிஸில் விழா, 1931-ல் பிரான்ஸின் உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஹானர். 1938 ஜனவரி 21-ல் காலமானார்.

தொலைந்துபோனதாக நினைத்த 'எ ட்ரிப் டு தி மூன்' படத்தின் கையால் வண்ணம் தீட்டிய பிரிண்ட் ஒன்று 1993-ல் ஸ்பெயினில் கிடைத்தது. பல வருட சீரமைப்புக்குப் பின் 2011-ல் கேன்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. கால் மணி நேரப் படம்தான், மொபைலிலேயே பார்க்கலாம். பார்க்கும்போது எங்கே வெட்டி ஒட்டியிருக்கார்னு கண்டுபிடிக்க முடியுதான்னு பாருங்க!