ஏசு படம் காட்டிய சாமிக்கண்ணு

சென்ற ஆண்டு ஈஸ்டர் பண்டிகை இரவில், லம்பா லைனில் எங்கள் வீட்டுச் சந்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் 'பத்துக் கட்டளைகள்' படத்தைக் காட்டினார்கள். 1956இல் ஸெஸில் டி மில் எடுத்த அமெரிக்கப் படம். மோசே கைநீட்டச் செங்கடல் இரண்டாகப் பிளந்த கட்டத்தில், ஒரு காலத்தில் கப்பலில் மூன்று நாள் தலை சுற்றிக் கிடந்து இத்தீவுக்கு வந்து சேர்ந்த என் பாட்டி எழுந்து நின்று கும்பிட்டாள். பெருந்தொட்டியில் நீரைக் கொட்டிப் படம் பிடித்து, அதைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள் என்று பௌதிகம் படித்த கர்வத்தில் விளக்கினேன். பாட்டி காதில் வாங்கவேயில்லை.

நண்பர்களே, இத்தகைய படங்களை நம் தமிழ் ஊர்களுக்கு முதலில் சுமந்து சென்றவர் யார் என்று அதன் பிறகுதான் தேடினேன். கிடைத்த பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

அவர் 1883இல் கோயமுத்தூரில் பிறந்தார். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் படம் வரைவாளர் உத்தியோகம். 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப்படக் கருவியோடு திருச்சிக்கு வந்தார். தாயகம் திரும்ப விரும்பிய அவர் கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். விலை இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஒரு சிறு உத்தியோகஸ்தர் பல்லாண்டு வாயைக் கட்டினாலும் சேராத தொகை அது. எப்படியோ பணத்தைப் புரட்டி வாங்கிவிட்டார். வேலையையும் உதறினார். வயது 22!

இந்த இடத்தைப் படிக்கையில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு இப்போது 23. மேசை இழுப்பறையில் ஒரு குமாஸ்தா வேலைக்கான பரீட்சை அனுமதிச் சீட்டு கிடக்கிறது. ஆராய்ச்சி என்று அலையாமல் அந்த உத்தியோகத்தைப் பிடித்துக்கொள் என்பது அப்பாவின் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை.

டுபானிடம் வாங்கிய சுருள்களில் முக்கியமானது ஏசுநாதரின் சரித்திரம். அக்காலத்தில் பிரான்சின் பாத்தே நிறுவனம் எடுத்த ஏசு படத்தில், அவர் நீர்மேல் நடக்கும் காட்சி ஒன்று உண்டு. ஒரே சுருளில் இருமுறை படம் பதிக்கும் தந்திரம்தான். சில சட்டங்களுக்கு வண்ணமும் பூசினார்கள். படம் பேசாது, பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வது அந்நாளைய வழக்கம். மின்விளக்கே காணாத ஊரில், இருட்டுக் கூடாரத்தில், ஒரு மனிதர் அலைமேல் நடந்து வந்தால் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! என் பாட்டியைப் பார்த்த பின் அதை ஊகிப்பது எனக்கு அரிதாக இல்லை.

ஏசு படத்துக்கு இந்நாட்டில் இன்னொரு பெருமையும் உண்டு. 1911இல் பம்பாயில் அத்தகைய படமொன்றைப் பார்த்த பால்கே, நம் தெய்வங்களையும் இப்படித் திரையில் காட்டலாகாதா என்று ஏங்கினார். 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' பிறந்தது.

வின்சென்ட் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சென்னையோடு நிற்கவில்லை, வடக்கே பெஷாவர் வரைக்கும், கடல் கடந்து ரங்கூனுக்கும் சென்றார். வங்கக் கடலைத் தாண்டிப் பிழைக்கப் போன தமிழர் கூட்டத்தில் இவரும் ஒருவர் என்பதில், அந்தமானில் வாழும் எனக்கு ஒரு தனி உவகை.

1914இல் கோவை திரும்பி, 'வெரைட்டி ஹால்' என்ற நிரந்தரக் கொட்டகை கட்டினார். எண்ணெய் இயந்திரத்தால் மின்சாரம் எடுத்தார். அதைக் கொண்டே அச்சகமும் மாவு மில்லும் ஓட்டினார். படம் பார்க்கக் காசில்லாதவனும் மாவரைக்க வருவான் அல்லவா! வெறும் கனவுக்காரர் இல்லை, கணக்கறிந்தவர். அந்தத் தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான்.

படங்கள் பேசத் தொடங்கியதும் தாமே தயாரிக்கவும் துணிந்தார். கல்கத்தாவின் பயோனியர் கம்பெனியோடு சேர்ந்து 1933இல் 'வள்ளி திருமணம்' வெளிவந்தது. டி. பி. ராஜலட்சுமி வள்ளி. நல்ல வசூல். ஏசுவில் தொடங்கிய மனிதர் முருகனிடம் வந்து சேர்ந்தார்; கூட்டம் இரண்டுக்கும் வந்தது. 1942இல் காலமானார்.

பரீட்சை அடுத்த மாதம். அப்பாவிடம் இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த இதழ் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை வீட்டு மேசையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே போய்வர உத்தேசம்.