கெப்பெட்டிப்பொல திசாவை

சுதந்திர தினத்தைக் கொண்டாடுவோர், சுதந்திரம் பறிபோன நாளையும் அறிந்திருத்தல் வேண்டும். ஆபிரிக்காவின் கானா நாட்டுக் கரையோரத் தலைவர்கள் 1844ஆம் ஆண்டு மார்ச் 6ஆந் திகதி ஆங்கிலேயருடன் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். 113 ஆண்டுகள் கழித்து, 1957ஆம் ஆண்டில், அதே திகதியில் அந்நாடு விடுதலை பெற்றது. நம் கண்டி மாநகருக்கும் அத்தகைய உடன்படிக்கை ஒன்று உண்டு. அதிற் கைச்சாத்திட்டவருள் ஒருவரே பின்னர் அதனை எதிர்த்து உயிர் நீத்தார். அவரே மொனரவில கெப்பெட்டிப்பொல. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் கண்டியரசின் பிரதானிகளுள் ஒருவர். இவருடைய சகோதரியே எஹெலேபொல அதிகாரின் மனைவி. அதிகார் மன்னனைப் பகைத்து ஆங்கிலேயரைச் சார்ந்தமையால், அவ்வம்மையாரும் பாலகரான மக்களும் 1814ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரமராஜசிங்க மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அக்கொடுமை நிகழ்ந்து ஓராண்டு செல்லுமுன் மன்னன் சிறைப்பட்டான். 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி, தலதா மாளிகையை அடுத்துள்ள மகுல் மடுவத்திற் கூடிய பேரவையில் நாடு ஆங்கில முடிக்கு உரியதாயிற்று. பிரதானிகளின் கைச்சாத்துக்களுள் மொனரவிலவினதும் ஒன்று. ஒரு மன்னனை நீக்குகின்றோம் என்று எண்ணினோர், நாட்டையே இழந்தனர்.

ஆங்கிலேயர் இவரை ஊவாவின் திசாவையாக நியமித்தனர். 1817ஆம் ஆண்டில் ஊவா, வெல்லச மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மன்னனின் உறவினன் எனக் கூறித் துரைசாமி என்னும் பெயருடன் தோன்றிய ஒருவனை அவர்கள் அரசனாக ஏற்றனர். கிளர்ச்சியை அடக்குமாறு அரசாங்கம் கெப்பெட்டிப்பொலவை ஆயுதங்களுடன் அனுப்பிற்று. அவரோ தம் மக்களோடு சேர்ந்துகொண்டார். ஆயினும் தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட ஆயுதங்களை அரசாங்கத்துக்கே திருப்பி அனுப்பினார். நம்பிக் கொடுத்த பொருளைக் கொடுத்தவர் மீதே ஏவுதல் அறமன்று என்பது அவர் துணிபு. அதன் பின்னரே போர் தொடுத்தார்.

தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் வயல்களையும் வீடுகளையும் எரித்து ஊவாவைப் பாழாக்கின. 1818ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் கெப்பெட்டிப்பொல பிடிபட்டார். நவம்பர் 26ஆந் திகதி தலதா மாளிகையில் வழிபட்டபின், கலங்காத உள்ளத்தினராய்ப் போகம்பரையிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல் அவரது மண்டையோட்டை எடின்பரோ நகருக்குக் கொண்டு சென்றார். 1954ஆம் ஆண்டில் அது மீண்டு வந்தது. மாளிகை முன்றலில் நினைவுத் தூணும் எழுந்தது. துரோகி என்னும் பழி அரச ஏட்டிலிருந்து நீங்கியதோ 2016ஆம் ஆண்டிலேயே.

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆந் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றபோது கண்டியரசின் சிங்கக்கொடியே நாட்டின் கொடியாக ஏற்றப்பட்டது. நாடு பறிபோன மகுல் மடுவத்தின் சாயலிலேயே கொழும்பின் சுதந்திர மண்டபமும் அமைந்தது. எனினும் அதே ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால், இம்மலைநாட்டை உழைப்பால் வளம்படுத்திய நம் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியோர் குறை தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆதலின், கொடியேறிய நாளிலேயே சுதந்திரம் எல்லார்க்கும் வந்தெய்தியது என்று நாம் கொள்ளுதல் இயலாது.

மாணவச் செல்வங்களே, மாளிகை முன்றலைக் கடக்கும்போது அத்தூணின் முன் சற்றே நில்லுங்கள். தாம் இட்ட கைச்சாத்து மக்களுக்குத் தீங்காயிற்று என உணர்ந்தபோது, பதவியையும் உயிரையும் துறந்து அதனைத் திருத்த முயன்றவர் அவர். போரில் அவர் தோற்றார்; நேர்மையிற் றோற்றாரல்லர். சுதந்திரத்தைக் காக்க விழைவோர் அவரிடங் கற்க வேண்டியது அந்நேர்மையே.