குட்டி லேப்டாப் ஸ்பீக்கரில் இவ்வளவு சத்தம் எப்படி? அன்றே காதுக்குள் விடை தேடிய விஞ்ஞானி!

விரல் நீளம்கூட இல்லாத லேப்டாப் ஸ்பீக்கர், அறை முழுக்கக் கேட்பது எப்படி? விடையில் பாதி நம் காதுக்குள் இருக்கிறது. அதைச் சொன்னவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

1821-ல் போட்ஸ்டாமில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். பையனுக்கு இயற்பியல் மேல் ஆசை. படிக்க வைக்க வீட்டில் காசில்லை. மருத்துவம் படித்தால் அரசே செலவை ஏற்கும், பதிலுக்கு ராணுவ மருத்துவராக வேலை பார்க்கணும். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் இயற்பியலை விடவில்லை. ராணுவப் பணியில் இருந்தபடியே, 1847-ல் ஆற்றல் அழிவின்மை பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1851-ல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். அடுத்தது காது.

காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரே சுருதி கேட்கும் இல்லையா? அதே தத்துவத்தில் செய்த உள்ளீடற்ற உருண்டைகளைக் காதில் வைத்து, கலவையான ஒலியில் இருந்து ஒவ்வொரு சுருதியாகப் பிரித்துக் கேட்டார். காதுத் துளையும் அப்படித்தான், 3,000 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள ஒலிகளை அது பெரிதாக்குகிறது என்று 1863-ல் வந்த நூலில் விளக்கினார்.

மீதிப் பாதி ஸ்பீக்கரில் இருக்கிறது. அதே அளவு சத்தம் வர, அதிர்வெண் பாதியானால் ஸ்பீக்கர் 4 மடங்கு அதிகமாக அசையணும். குட்டி ஸ்பீக்கரால் அது முடியாது. அதனால்தான் பேஸ் குறைவு. 3,000 ஹெர்ட்ஸ் பக்கமோ லேசாக அசைந்தாலே போதும், மிச்சத்தைக் காது பார்த்துக்கொள்ளும். படத்தில் வசனம் தெளிவாகக் கேட்டும் டிரம்ஸ் சப்பென்று இருப்பது இதனால்தான்.

ஆசைப்பட்ட இயற்பியல் பேராசிரியர் பதவி அவருக்கு 1871-ல், 50 வயதை நெருங்கும்போதுதான் பெர்லினில் கிடைத்தது. 1894-ல் மறைந்தார்.