பிரசவம் பார்த்த பிரதமர்

கடந்த பருவத்தில் ஆப்பிரிக்க வரலாற்றுப் பாடத்திற்காக ஒரு தலைவரைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மண்டேலாவையும் என்குருமாவையும் நண்பர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். தாமதமாகப் போன எனக்குப் பட்டியலில் மிஞ்சியிருந்த பெயர் மில்டன் மார்காய். யாரென்றே தெரியாமல் வேண்டாவெறுப்பாகத்தான் நூலகத்துக்குப் போனேன். இரண்டு நாளில் அந்த மனிதர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டை விடுதலைக்குக் கொண்டுபோனவர் மார்காய். 1895ஆம் ஆண்டு டிசம்பரில், நாட்டின் தென்பகுதியில் மெண்டே இனக் குடும்பமொன்றில் பிறந்தார். அவர் பிறந்த மறு ஆண்டுதான் பிரிட்டிஷார் உள்நாட்டுப் பகுதி முழுவதையும் தங்கள் பாதுகாப்புப் பிரதேசம் என்று அறிவித்தார்கள். இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அவருடைய அரசியல் புரியாது. கடலோரத்தில் ஃப்ரீடவுன் நகரம், அதைச் சுற்றிய சிறிய காலனி. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் அங்கே இருந்தார்கள். பள்ளி, கல்லூரி, நாளிதழ், வழக்கறிஞர்கள், டாக்டர்கள் எல்லாம் அவர்கள் பக்கம். உள்நாட்டில் மக்கள்தொகை பல மடங்கு அதிகம். பள்ளிக்கூடங்களோ மிகக் குறைவு.

அந்த உள்நாட்டிலிருந்து வந்து, 1827இல் தொடங்கப்பட்ட ஃபூரா பே கல்லூரியில் 1921ஆம் ஆண்டு பட்டம் பெற்றார் மார்காய். பாதுகாப்புப் பிரதேசத்தின் முதல் பட்டதாரி அவர்தான். அந்தக் கல்லூரி இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அதன் மருத்துவப் பள்ளி நியூகாசல் நகரில் இருந்தது. அங்கே போய்ப் படித்து, பிரதேசத்தின் முதல் டாக்டராகத் திரும்பினார். ஒரு ‘முதல்’ போதாதென்று இரண்டு!

1928இல் அரசாங்க மருத்துவச் சேவையில் சேர்ந்தார். அன்றைய பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவில் வெள்ளைக்கார டாக்டருக்கு ஒரு பட்டியல், கறுப்பின டாக்டருக்குத் தாழ்வான வேறொரு பட்டியல். ஒரே படிப்பு, ஒரே வேலை. ஆனால் சம்பளமும் பதவியும் ஒன்றல்ல. அந்தச் சேவையில் இருபத்திரண்டு ஆண்டுகள் மாவட்டம் மாவட்டமாக வேலை செய்தார். நானாக இருந்தால் இரண்டே ஆண்டில் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருப்பேன்.

அந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் சாண்டே என்ற பெண்கள் சங்கத்தின் மூத்த பெண்கள். பருவமடையும் சிறுமிகளுக்குச் சடங்கு செய்து வைப்பவர்களும் அவர்களே. சங்கத்தின் ரகசியங்களை ஆண்கள் தெரிந்துகொள்ளக்கூடாது. மேல்நாட்டில் படித்துவந்த டாக்டர் என்ன செய்வார்? மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வார். ஆனால் பெரும்பாலான கிராமங்களுக்கு ஆஸ்பத்திரியே எட்டாத தூரம். மார்காய் அந்த மூத்த பெண்களிடமே போனார். கையைச் சுத்தம் செய்வது, பிரசவத்தில் ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, பிறந்த குழந்தையைப் பராமரிப்பது ஆகியவற்றை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் வழியாக அது இளம்பெண்களைச் சென்றடைந்தது. 1948இல் மெண்டே மொழியிலேயே கேள்வி பதில் வடிவில் ஒரு பிரசவக் கையேடும் எழுதினார்.

இங்கே ஒன்றை மறைக்க முடியாது. அதே சங்கத்தின் சடங்கில் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கமும் உண்டு. அதை ஒழிக்க மார்காய் இயக்கம் எதுவும் நடத்தவில்லை. எதிர்த்திருந்தால் அந்தப் பெண்கள் கதவைச் சாத்தியிருப்பார்கள், பிரசவப் பயிற்சியும் நின்றிருக்கும் என்று வாதாடலாம். நானும் வகுப்பில் அப்படித்தான் வாதாடினேன். என் தோழி ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கம் இன்றும் அங்கே தொடர்வதை அவள் சுட்டிக்காட்டியபோது என்னிடம் நல்ல பதில் இல்லை.

1950இல் அரசாங்க வேலையை விட்டார். மறு ஆண்டே சியரா லியோன் மக்கள் கட்சி உருவானது, தலைவர் அவர். எதிரணியை நடத்தியவர் யார் தெரியுமா? அவரும் ஒரு டாக்டர். எடின்பரோவில் படித்த கிரியோல் தலைவர் பான்கோல் பிரைட். உள்நாட்டு மக்களுக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை போய்விட்டால் காலனியின் உரிமைகள் என்னாகும் என்பது அவருடைய அச்சம். மார்காய் எண்ணிக்கையை நம்பினார். அதோடு கிரியோல்களையும் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டார். 1954இல் முதலமைச்சர், 1958இல் பிரதமர்.

நோயாளியிடம் காட்டிய அதே பொறுமைதான் அரசியலிலும். கட்சியில் இருந்த இளைஞர்களுக்கு அது எரிச்சலாக இருந்தது. 1957 தேர்தலுக்குப் பிறகு, தலைமைப் பதவிக்கு அவருடைய சொந்தத் தம்பி ஆல்பர்ட்டே போட்டியிட்டு, ஒரே ஒரு வாக்கில் அண்ணனைத் தோற்கடித்தார். பிறகு சமரசம் பேசி அண்ணனுக்கே விட்டுக்கொடுத்தார். ஆனாலும் மனம் ஆறாமல், சியாக்கா ஸ்டீவன்ஸ் என்ற தொழிற்சங்கத் தலைவரோடு சேர்ந்து தனிக்கட்சி தொடங்கினார். தம்பியின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பாரம்பரியத் தலைவர்களின் ஆதரவில்தான் மார்காயின் கட்சி நின்றது. அந்தத் தலைவர்கள் மக்களைச் சுரண்டியதால் 1955, 1956இல் வடபகுதியில் பெரிய வரிக் கலவரமே வெடித்தது. அதன் பிறகும் அவர் அவர்களைக் கைவிடவில்லை.

1960இல் லண்டன் பேச்சுவார்த்தைக்கு எல்லாக் கட்சிகளையும் ஒன்றாக அழைத்துச் சென்றார். ஸ்டீவன்ஸ் மட்டும் கையெழுத்திட மறுத்தார். 1961 ஏப்ரல் 27ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அன்று ஸ்டீவன்ஸ் சிறையில் இருந்தார். சில நாட்களுக்கு முன்புதான் அரசு அவசரநிலையை அறிவித்திருந்தது. பொறுமைசாலியான டாக்டரின் வாழ்க்கையில் இந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் 1962இல் எதிர்க்கட்சி பலமாகப் போட்டியிட்ட தேர்தலை நடத்தினார். அதில் தன் கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்காமல், சுயேச்சைகளின் ஆதரவோடுதான் ஆட்சி அமைத்தார்.

1964 ஏப்ரல் 28ஆம் நாள், மூன்றாம் சுதந்திர தினத்துக்கு மறுநாள், பதவியில் இருக்கும்போதே காலமானார். வயது 68. அதற்குள் கட்சிக்குத் திரும்பியிருந்த ஆல்பர்ட் அண்ணனின் நாற்காலியில் அமர்ந்தார். மூன்றே ஆண்டுகளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஸ்டீவன்ஸ் பிரதமரானார்; 1978இல் மற்றக் கட்சிகள் அனைத்தையும் தடை செய்தார்.