காது இரைச்சலும் மருத்துவர் பாரானியும்

சுற்றிலும் அமைதி நிலவும்போதும் சிலருடைய காதில் ரீங்காரம் இடைவிடாமல் கேட்கும். இதனைக் காது இரைச்சல் என்பர். இவ்வொலி காதில் பிறக்கிறதா, மூளையில் பிறக்கிறதா? இக்கேள்வியை ஆராய வழிகாட்டியவர்களுள் ஒருவர் ராபர்ட் பாரானி.

பாரானி 1876ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். சிறுவயதில் எலும்பைத் தாக்கிய காசநோயால் அவரது முழங்கால் மடக்க முடியாதபடி விறைத்துப்போனது. எனினும், அவர் மனம் தளரவில்லை. 1900இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் வியன்னாவில் காது மருத்துவராகப் பணியாற்றினார்.

அங்கு நோயாளிகளின் காதை நீரால் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. நீர் போதிய வெதுவெதுப்பாக இல்லாதபோதுதான் தலை சுற்றுவதாக ஒருவர் கூறினார். பாரானி அதனைப் பொருட்படுத்தி ஆராய்ந்தார். குளிர்ந்த நீருக்கு ஒரு திசையிலும் சூடான நீருக்கு எதிர்த்திசையிலும் கண்கள் துடிப்பதைக் கண்டார். நீரின் வெப்பநிலை உட்செவியிலுள்ள திரவத்தை அசைப்பதே காரணம் என விளக்கினார். உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவியைச் சோதிக்க இம்முறை இன்றும் பயன்படுகிறது.

இந்த ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அச்செய்தி வந்தபோது, முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகச் சென்ற அவர், ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். சுவீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916இல் விடுதலை பெற்றார். பின்னர், சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பணியைத் தொடர்ந்தார்.

1935இல் பாரானி மற்றொரு செய்தியை வெளியிட்டார். உடலை மரத்துப்போகச் செய்யும் மருந்தை இரத்தக் குழாயில் செலுத்தினால் காது இரைச்சல் சிறிது நேரம் குறைகிறது என்பதே அது. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

பிற்கால மருத்துவர்கள் லிடோகேயின் என்னும் மரப்பு மருந்தைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். அறுவை சிகிச்சையில் செவி நரம்பு துண்டிக்கப்பட்டவர்களுள் சிலருக்கும் இரைச்சல் தணிந்தது. காதிலிருந்து மூளைக்குச் செய்தி செல்ல வழியில்லாதபோதும் மருந்து பயனளித்ததால், அது மூளையில் செயல்படுகிறது என்பது புலனாயிற்று. பக்க விளைவுகள் உள்ளதாலும் பயன் விரைவில் மறைவதாலும் அம்மருந்தை அன்றாடச் சிகிச்சைக்குப் பயன்படுத்த இயலவில்லை. ஆயினும், இரைச்சலின் காரணத்தை மூளையிலும் தேட வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

நோயாளியின் சொல்லுக்குச் செவிசாய்த்த பாரானியின் பண்பு, இன்றைய ஆய்வாளர்களுக்கும் நல்ல வழிகாட்டியாகும்.