அப்பத்தா கேட்ட குரல்
டி.ஆர்.மகாலிங்கத்தின் வாழ்க்கைக் கதை

திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்கு ரெயிலில் போகிறவர்களுக்குத் தெரியும். அம்பாத்துரை, கொடைக்கானல் ரோடு, வாடிப்பட்டி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கள் வரும். அதன் பிறகு சோழவந்தான். வெற்றிலைக்குப் பேர் போன ஊர். வைகை ஆற்றின் ஒரு கரையில் சோழவந்தான். மறு கரையில் தென்கரை.

அந்தத் தென்கரையில் 1924-ம் ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மகாலிங்கம் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் அந்தப் பெயரை அறிந்தது. அவர்தான் பாடகர்-நடிகர் டி.ஆர்.மகாலிங்கம்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ, அப்பத்தாவோ, அம்மாச்சியோ இருக்கிறார்களா? அவர்களுக்குப் பழைய பாட்டு ஒன்று போட்டுக் காட்ட ஆசையா? அப்படியானால் இவருடைய கதையைத் தெரிந்து கொள்ளுங்கள். எந்தப் பாட்டைப் போடுவது என்பதற்கு வழி இந்தக் கதையிலேயே இருக்கிறது.

கடைசி வரிசைக்கும் கேட்ட குரல்

மகாலிங்கம் சின்ன வயதிலேயே நாடக மேடை ஏறினார். அது நாடகத்தின் பொற்காலம். இன்று இருப்பது போன்ற ஒலிபெருக்கி வசதி அப்போது கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். அதனால் உச்சக் குரலில் பாடத் தெரிந்தவருக்கே மதிப்பு.

அந்த நாளில் எஸ்.ஜி.கிட்டப்பா என்ற மாமேதை மேடையை ஆண்டார். 1933-ம் ஆண்டு, இளம் வயதிலேயே அவர் காலமானார். கிட்டப்பா விட்டுப்போன பாட்டு வழியை மகாலிங்கத்தின் குரலில் மக்கள் மீண்டும் கேட்டார்கள்.

சினிமா அழைத்தது

1938-ம் ஆண்டு "நந்தகுமார்" என்ற படம் வந்தது. ஏவி.மெய்யப்பன் எடுத்த படம். அதில் நடித்தபோது மகாலிங்கத்துக்கு வயது 14!

1945-ல் "ஸ்ரீவள்ளி" வந்தது. மகாலிங்கம் முருகனாக நடித்தார். குமாரி ருக்மணி வள்ளியாக நடித்தார். படம் பெரிய வெற்றி அடைந்தது.

திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் வள்ளி திருமணம் நாடகம் உண்டு. விடிய விடிய நடக்கும். அந்தக் கதையைத் திரையில் பார்த்தபோது ஜனங்களுக்கு எவ்வளவு ஆனந்தம் இருந்திருக்கும்!

1947-ம் ஆண்டு ஜனவரியில் "நாம் இருவர்" வெளியானது. சுதந்திரம் கிடைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. காரைக்குடியில் எடுக்கப்பட்ட படம். பாரதியார் பாடல்களைப் பட்டிதொட்டி எங்கும் கொண்டு போனது. அதிலும் மகாலிங்கமே கதாநாயகன். 1948-ல் "ஞானசவுந்தரி", "வேதாள உலகம்" என்று படங்கள் வரிசையாக வந்தன. அவர் கொடி உச்சத்தில் பறந்தது.

சரிவு

அதன் பிறகுதான் சோதனை வந்தது.

மகாலிங்கம் சொந்தப் படம் எடுக்கத் துணிந்தார். 1950-ல் "மச்சரேகை", 1951-ல் "மோகனசுந்தரம்", 1952-ல் "சின்னதுரை", 1954-ல் "விளையாட்டு பொம்மை". படத் தொழிலில் போட்ட பணம் திரும்பவில்லை. கடன் ஏறியது.

காலமும் மாறிக்கொண்டு இருந்தது. முன்பு, பாடத் தெரிந்தவரே கதாநாயகன். இப்போது ஒருவர் நடிக்க, இன்னொருவர் பின்னணியில் பாடலாம் என்று ஆகிவிட்டது. பாடும் நடிகர்களுக்கு வாய்ப்புக் குறைந்தது. ஒரு காலத்தில் ஓஹோ என்று இருந்தவர், வயது 30 ஆகும்போதே ஒதுக்கப்பட்டவர் போல் ஆனார்.

கைகொடுத்த கவிஞர்

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் கவிஞர் கண்ணதாசன். அவர் 1958-ல் "மாலையிட்ட மங்கை" என்ற படத்தைத் தயாரித்தார். சந்தை இழந்தவர் என்று மற்றவர்கள் ஒதுக்கிய மகாலிங்கத்தைக் கதாநாயகன் ஆக்கினார். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை அமைத்தார்கள்.

பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. விழுந்தவர் எழுந்தார். அவரைத் தூக்கி நிறுத்தியது வேறு எதுவும் அல்ல. தென்கரையில் இருந்து கொண்டுவந்த அதே குரல்தான்!

1965-ல் ஏ.பி.நாகராஜனின் "திருவிளையாடல்" வந்தது. அதில் மகாலிங்கம் பாணபத்திரர் ஆனார். மதுரைக்கு வந்து சவால் விட்ட ஏமநாதனுடன் போட்டி போட முடியாமல், சொக்கநாதரிடம் அழுது முறையிடும் பாடகர் வேடம். வாழ்க்கையில் அடிபட்டு எழுந்த மனிதருக்கு அந்த வேடம் எப்படிப் பொருந்தியது என்று சொல்ல வேண்டுமா?

1978-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந்தேதி மகாலிங்கம் காலமானார். அப்போது அவருக்கு வயது 53தான்.

எந்தப் பாட்டைப் போடுவது?

இப்போது உங்கள் வீட்டு அப்பத்தாவிடம் வருவோம்.

மனித நினைவை ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 10 வயது முதல் 30 வயதுக்குள் நடந்தவையே முதுமையில் அதிகமாக ஞாபகம் வரும். அந்த நாளில் கேட்ட பாட்டும் அப்படியே. பேரன் பெயரை மறந்துவிடும் முதியவர்கள்கூட, அந்தக் காலத்துப் பாட்டை அடி பிறழாமல் பாடுவது உண்டு. ஜப்பானிலும் இப்படித்தான். 1914-ல் பள்ளிக்கூடப் பாட்டாக வந்த "புருசாத்தோ"வை அங்குள்ள முதியவர்கள் இன்றும் கூடிப் பாடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குச் சொந்த ஊர் என்று பொருள்.

ஆகவே முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். அப்பத்தா பிறந்தது 1942 என்று வைத்துக்கொள்வோம். "மாலையிட்ட மங்கை" வந்தபோது அவருக்கு வயது 16. "திருவிளையாடல்" வந்தபோது 23. அந்தப் படங்களில் இருந்து தொடங்கலாம். 1945-ல் வந்த "ஸ்ரீவள்ளி" அவருக்குச் சிறு குழந்தைப் பருவம். அந்தப் பாட்டுகளை அவருடைய அம்மா பாடிக் கேட்டிருக்கலாம். அதையும் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, படத்தை எங்கே பார்த்தார் என்று கேளுங்கள். டூரிங் டாக்கீசில் மணலைக் குவித்து உட்கார்ந்தாரா? மாட்டு வண்டி கட்டிப் போனாரா? அல்லது இலங்கை வானொலியில் பாட்டை மட்டும் கேட்டாரா?

மூன்றாவது, ஒரு பாட்டைப் போட்டுவிட்டுச் சற்று நிறுத்துங்கள். அவர் பேசட்டும். பாடியது யார், படம் எது என்று பரீட்சை வைக்க வேண்டாம். மறந்து போனதை நினைத்து அவர் மனம் வாடும். சில பாட்டு இறந்தவர்களை நினைவூட்டிக் கண்ணீர் வரவழைக்கும். அப்போது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். போதும் என்று அவர் சைகை காட்டினால் நிறுத்திவிடுங்கள்.

மகாலிங்கத்தின் குரல் எங்கும் போய்விடவில்லை. கையில் இருக்கும் போனில் நாளைக்கும் கிடைக்கும், பத்து வருஷம் கழித்தும் கிடைக்கும். ஆனால் அந்தக் குரலைக் கொட்டகை மணலில் உட்கார்ந்து கேட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சாப்பாடு முடிந்ததும் அப்பத்தா பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒரே ஒரு பாட்டுப் போடுங்கள்.